2000 வாட்டாம், ஒரே ஒரு பச்சை ஃபியூஸாம்! கார் ஆம்ப் வாங்கப் போன கதை

வணக்கம் மக்களே. முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், கொஞ்சம் கடுப்பில்தான் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். கதவுகளுக்கு அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டிய வீடியோவில் அடுத்தது ஆம்ப்தான், அதாவது ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர்தான் என்று சொல்லியிருந்தேன் இல்லையா, அதற்காகச் சனிக்கிழமை தம்பியையும் இழுத்துக்கொண்டு இங்கே சிங்கப்பூரில் உபி, காக்கி புக்கிட் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினேன். கார் என்னுடையது, காசு என்னுடையது, கேள்வி கேட்பதும் நான். பதில் மட்டும் தம்பியைப் பார்த்து வருகிறது. அவனுக்கு ஆம்ப்புக்கும் ஆம்லெட்டுக்கும் வித்தியாசம் தெரியாது, பாவம், வாயை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டு நிற்கிறான். பழைய ஆட்களுக்கு இது புதிதல்ல, டயர் வாங்கிய வீடியோவிலும் இதே கூத்துதான். சரி, விடுங்கள்.

கடுப்பு அதற்கல்ல. ஒரு கடையில், பேர் சொல்ல மாட்டேன், பளபளவென்று கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்கள். மேலே தங்க எழுத்தில் 2000 வாட். "சிஸ்டர், இது போட்டால் பக்கத்து புளோக்கே ஆடும்" என்கிறார். எனக்குப் பக்கத்து புளோக் எதற்கு ஆட வேண்டும்? நம்பர் பிளேட் கடகடக்கும் கார்களைக் கண்டாலே எனக்கு எவ்வளவு பிடிக்காது என்று உங்களுக்கே தெரியும். கேபிள், வேலை எல்லாம் சேர்த்து 880 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், பொருள் சேவை வரி தனி. நான் ஒன்றும் பேசவில்லை, பெட்டியைத் திருப்பிப் பக்கவாட்டைப் பார்த்தேன். வயர் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஃபியூஸ், பச்சை நிறம். பச்சை என்றால் 30 ஆம்பியர், அதற்கு மேல் மின்சாரம் தொடர்ந்து போனால் உருகிவிடும்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். என்ஜின் ஓடும்போது காரில் ஏறத்தாழ 13.8 வோல்ட் இருக்கும். அதை 30-ஆல் பெருக்குங்கள், 414 வாட். அந்தப் பெட்டிக்குள் போகக்கூடியதே அவ்வளவுதான், வெளியே வருவது இன்னும் குறைவு, ஒரு பகுதி சூடாகப் போய்விடும். குறைவாகச் சூடாகும் கிளாஸ் டி வகை ஆம்ப் என்றால் 80 சதவீதம் தேறும் என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது 330 வாட் சொச்சம். பழைய கிளாஸ் ஏபி என்றால் 60 சதவீதம் போல, 250-ஐத் தொடும். ஃபியூஸ் நொடி நேரத்துக்குக் கூடுதலாகத் தாங்கும், அதையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டாலும் 2000 எங்கே இருந்து வரும்? உண்மையாகவே 2000 வாட் வேண்டும் என்றால் கிளாஸ் டி-யிலேயே கிட்டத்தட்ட 180 ஆம்பியர் இழுக்க வேண்டும். என் காரைப் போன்ற சின்ன செடானில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் கொடுப்பதே 80, 100 ஆம்பியர் அளவில்தான், அதில்தான் ஏர்கான், ஹெட்லைட் எல்லாமே ஓடுகிறது. நான் இதைச் சொன்னதும் அவர் "அது மேக்ஸ் பவர் சிஸ்டர்" என்றார். முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சொன்னார், அதுவரைக்கும் சந்தோஷம்.

மேக்ஸ், பீக் என்று போட்டிருப்பதை எல்லாம் கண்டுகொள்ளாதீர்கள். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட், எவ்வளவு, ஸ்பீக்கரின் மின்தடை எத்தனை ஓமில், எத்தனை வோல்ட்டில், எவ்வளவு டிஸ்டார்ஷனோடு, அதாவது ஒலிச்சிதைவோடு என்று கேளுங்கள். இதற்கென்றே அமெரிக்காவில் 2003-இல் ஒரு தர அளவு கொண்டுவந்தார்கள், சிஇஏ-2006 என்று பெயர், இப்போது சிடிஏ-2006 என்கிறார்கள். 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மேல் டிஸ்டார்ஷன் கூடாது, அந்த நிலையில் அளந்த வாட் இது என்று அர்த்தம். அந்த முத்திரை உள்ள 75 வாட், முத்திரை இல்லாத 500 வாட்டைவிட எனக்குப் பெரிது. ஆங், பெரிய ஆம்ப் சிலவற்றில் பெட்டியிலேயே ஃபியூஸ் இருக்காது, வெளியே போடச் சொல்வார்கள். அப்போது மேனுவலில் எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போடச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள், கணக்கு அதேதான்.

இதே புளுகுதான் காரோடு வரும் ஸ்டீரியோவிலும். 50 வாட் இன்டு நான்கு என்று எழுதியிருக்கும், ஆர்எம்எஸ் பார்த்தால் சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 20 வாட் பக்கத்தில் நிற்கும். அதனால்தான் தீவு விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது ஒலி 96.8 வானொலி கேட்கக்கூட வால்யூமைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, திருகினால் கரகரவென்று உடைகிறது. ஸ்பீக்கர் கெட்டது என்று நினைத்து ஸ்பீக்கரை மாற்றுபவர்கள் நிறையப் பேர், உடைவது பெரும்பாலும் அந்தக் குட்டி ஆம்ப்தான்.

ஓ, ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன். ஆம்ப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் தரும் என்று பாருங்கள். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டும் என்றால் ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட். ஆக 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுப்பதும் 91 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுப்பதும் ஒன்றுதான். 50-க்கும் 75-க்கும் நடுவில் விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் பேசாமல் 50 வாங்கிவிட்டுப் போங்கள்.

அப்புறம் எத்தனை சேனல். மோனோபிளாக் என்பது ஒரே சேனல், அடித்தொனியை வாசிக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபருக்கு மட்டும். ஐந்து சேனல் என்பது எல்லாம் ஒரே பெட்டியில், வசதிதான், ஆனால் விலை எகிறுகிறது. நான் நான்கு சேனல் எடுத்தேன். முன்பக்கம் இரண்டு சேனல் இரண்டு கதவுகளுக்கு. பின்பக்கம் இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாக இணைத்து, ஒரு எட்டு இன்ச் சப்வூஃபருக்கு. பின் கதவு ஸ்பீக்கர்கள் பழைய ஸ்டீரியோவிலேயே ஓடட்டும், பின்னால் உட்காருவது அம்மாவும் மார்க்கெட் பைகளும்தான். பிரிட்ஜ் செய்யும்போது ஒரு விஷயம் கவனியுங்கள், 4 ஓம் சப்வூஃபரை மாட்டினால் ஒவ்வொரு சேனலுக்கும் அது 2 ஓமாகத் தெரியும். அதனால் ஆம்ப் 2 ஓம் தாங்குமா என்று மேனுவலில் இருக்க வேண்டும். 2 ஓம் சப்வூஃபரைப் பிரிட்ஜில் போட்டால் சேனலுக்கு 1 ஓம், பெரும்பாலான நான்கு சேனல் ஆம்ப் அங்கேயே புரொடெக்ட் லைட்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிடும்.

கிளாஸ் டி-தான் எடுத்தேன், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. ஏபி-யில் இசை இனிமை, டி-யில் வறட்சி என்று இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அது அந்தக் காலம். நம் ஊர் வெயிலில், திறந்தவெளி கார் பார்க்கில் மதியம் நிறுத்திய காரில், சீட்டுக்கு அடியில் காற்றே போகாத இடத்தில் ஏபி ஆம்ப் கொதிக்கும். எனக்கு அது முன் பயணி சீட்டுக்கு அடியில் நுழைய வேண்டும். அளவெடுத்த அட்டையை வெட்டி கையோடு கொண்டு போயிருந்தேன், கடையில் ஒவ்வொரு ஆம்ப்பையும் அட்டை மேல் வைத்து வைத்துப் பார்த்தேன், தம்பி தெரியாதவன் மாதிரி வெளியே போய் நின்றுகொண்டான். நுழைந்தது மக்களே! இரண்டு விரல் இடைவெளியோடு நுழைந்தது. அந்தக் காட்சியை மூன்று கோணத்தில் எடுத்து வைத்திருக்கிறேன், இப்போது திரையில் ஓடும், தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள்.

ஹை-லெவல் இன்புட் இருக்கிறதா என்பதையும் பார்த்தேன், ஏனென்றால் காரோடு வந்த திரையை நான் மாற்றப்போவதில்லை, ரிவர்ஸ் கேமரா எல்லாம் அதில்தான். அந்த இன்புட் இருந்தால் ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் வயரையே நேராக ஆம்ப்புக்குள் கொடுக்கலாம். கம்பெனி வயரை வெட்டாமல் நடுவில் சொருகுகிற பிளக் ஹார்னஸ் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். என் காருக்கு சிஓஇ, அதாவது காரை வைத்திருக்க அரசாங்கம் தரும் காலக்கெடுவுள்ள சான்றிதழ், முடிய அதிக காலம் இல்லை. கார் போய்விடும், ஆம்ப் கழன்று என்னோடு அடுத்த காருக்கு வரும். இந்த ஊரில் காரைவிட ஆம்ப்புக்குத்தான் ஆயுள் கெட்டி.

சரி, இப்போது கேபிள். இங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. 880 வெள்ளியில் சேர்த்திருந்த கேபிள் செட்டைக் காட்டச் சொன்னேன். சிவப்பு உறை, தடியாக, பார்க்க ராஜா மாதிரி இருக்கிறது. கையில் எடுத்தால் எடையே இல்லை. முனையில் ஒரு இழையைப் பிரித்து நகத்தால் சுரண்டினேன், செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம், சிசிஏ என்பார்கள். விற்கக்கூடாது என்றில்லை, ஆனால் சுத்தச் செம்பின் மின்கடத்தலில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது, அதனால் இன்னும் தடியான கேபிள் போட வேண்டும். அதைச் சொல்லாமல் செம்பு விலைக்கு விற்பது என்ன நியாயம்? எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சிம் லிம் டவருக்கு நேரே போனேன். சுத்தச் செம்பு, மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தார் ஒரு அங்கிள், என்னைப் பார்த்தே பேசினார், வாழ்க. ஃபியூஸ் ஹோல்டரும் சேர்த்து 56 வெள்ளி.

அப்புறம் அந்த ரப்பர் வளையம். என்ஜின் பக்கமிருந்து உள்ளே கேபிள் வருகிற இரும்புச் சுவர் இருக்கிறதல்லவா, அந்த ஓட்டையில் மாட்டுகிற கட்டைவிரல் அளவு ரப்பர் வளையம், கிராமெட். எட்டு வெள்ளி! பொருத்திக் கொடுத்த பட்டறை பில்லில் தனி வரியாகப் போட்டிருக்கிறார்கள். எட்டு வெள்ளிக்குத் தேக்காவில் ஒரு தட்டு பிரியாணி சாப்பிட்டு வந்திருப்பேன். அது தேவையில்லை என்று நான் சொல்லவே இல்லை, கட்டாயம் தேவை. அது இல்லாவிட்டால் இரும்பின் கூர்முனை உறையை அறுத்துக்கொண்டே இருக்கும், ஒரு நாள் பேட்டரி நேராகக் காரின் உடம்பைத் தொடும், தீதான். ஆனாலும் எட்டு வெள்ளி? அதே வளையம் ஒரு பை நிறைய ஆன்லைனில் மூன்று வெள்ளிக்கு வருகிறது. பட்டறைக்காரரிடம் கேட்டேன். "இது கார் கிரேடு" என்றார். ஆன்லைன் பையில் வருவதும் கார் கிரேடுதான். கொடுத்துவிட்டு வந்தேன், ஆனால் மறக்க மாட்டேன்.

இதைச் சொல்லும்போதுதான் நினைவு வருகிறது, மெயின் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், 45 சென்டிமீட்டருக்குள். அந்த ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்ற அல்ல, கேபிளைக் காப்பாற்ற. பவர் கேபிளும் சிக்னல் வயரும் ஒரே பக்கம் போகக்கூடாது, என்ஜின் வேகத்துக்கு ஏற்றபடி ஸ்பீக்கரில் "ங்ஙொய்ய்" என்று ஒரு சத்தம் வரலாம். சாலைக் கட்டணம் வசூலிக்கும் புது ஈஆர்பி கருவியின் பெட்டி பயணியின் காலடிப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் என் காரில் அங்கே ஏற்கெனவே வயர் குவியல். அதனால் பவர் கேபிளை ஓட்டுநர் பக்கமே கொண்டுவந்து, சீட்டு வரிசைக்குக் கீழே குறுக்காக எடுக்கச் சொன்னேன். எர்த் வயர் குட்டையாக, பெயின்ட்டைச் சுரண்டிய வெறும் இரும்பில். பெயின்ட்டின் மேலேயே திருகை முடுக்கப் பார்த்தார்கள், பக்கத்திலேயே நின்று சுரண்ட வைத்தேன்.

கெயின் என்று எழுதியிருக்கும் திருகு வால்யூம் அல்ல, தயவுசெய்து அதை முழுக்கத் திருப்பாதீர்கள். ஸ்டீரியோ கொடுக்கும் வோல்ட்டுக்கு ஆம்ப்பைப் பொருத்துவதுதான் அதன் வேலை. என் கணக்கு இது: என் ஆம்ப்பின் சேனலுக்கு உள்ள 75 வாட்டை 4 ஓமால் பெருக்கினால் 300, அதன் வர்க்கமூலம் 17.3. ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, 1000 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்டீரியோ வால்யூமை முக்கால் அளவில் வைத்து, மல்டிமீட்டரில் 17.3 ஏசி வோல்ட் வரும்வரை திருகினேன், நிறுத்தினேன். கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, சப்வூஃபருக்கு 80-க்கு மேலே வெட்டு. நீங்கள் எதிர்பார்த்த, தவில் இசையை ஓடவிட்டுப் பார்க்கும் பரீட்சையும் ஆயிற்று, தவிலின் வலப்பக்கமான வலந்தலையின் அடி முன்னால் டணாரென்று விழுகிறது, இடப்பக்கமான தொப்பியின் கும்கும் முதுகில் தெரிகிறது, நம்பர் பிளேட் அசையவில்லை.

விலை கேட்பீர்கள். ஆம்ப் 329, கேபிள் 56, வேலைக்கூலி 120, அந்த வளையம் 8. மொத்தம் 513 வெள்ளி. ஆம்ப் பேரைச் சொல்லவில்லை, யாரும் எனக்குக் காசு கொடுக்கவில்லை, பெட்டியில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன், நீங்களே பாருங்கள். சப்வூஃபர் பெட்டி தனி வீடியோ, முழுக்க மூடிய ஸீல்டா, ஓட்டை வைத்த போர்ட்டடா என்று அதில் சண்டை போடலாம். தம்பி வர மாட்டானாம்.