கல்லாப்பெட்டிக்குள் இரண்டு கேஷ்

வணக்கம் மக்களே. இன்று கேமராவை வீட்டில் வைக்கவில்லை. மதுரை கீழமாசி வீதியில் எங்கள் சித்தப்பாவின் பலசரக்குக் கடைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். காலை ஆறரை மணி, ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருக்கிறார். வெளியே மூட்டை இறக்குகிறார்கள். அந்தச் சத்தம் நடுநடுவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மடியில் நான் வைத்திருப்பது தாத்தா காலத்துக் கல்லாப்பெட்டி. கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். மூடியில் ஒரு நீளப் பிளவு இருக்கிறது பாருங்கள், பெட்டியைத் திறக்காமலே நாணயத்தை உள்ளே போடுவதற்கு. திறந்தால் உள்ளே கிண்ணம் மாதிரி குடைந்த ஐந்து குழிகள். சதுர அறையாகச் செய்திருந்தால் மூலையில் நாணயம் சிக்கும், நகத்தால் நோண்ட வேண்டியிருக்கும். குழியாக இருப்பதால் ஒரே விரலில் வழித்து எடுத்துவிடலாம். வலதுபக்கக் குழி மட்டும் மற்றவற்றைவிட வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. சில்லறை அதில்தான் கிடந்திருக்கும். மூடியின் உள்பக்கம் மஞ்சளில் ஒரு பிள்ளையார் சுழி, கீழே ‘லாபம்’ என்ற எழுத்து.

இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததற்குக் காரணம் ஒரு ஆங்கிலச் சொல். கேஷ். ‘கேஷ் என்ற ஆங்கிலச் சொல் நம் காசு என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனது’ என்று வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறையாவது வருகிறது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். நானே பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நாளாக அதைத் தேடிப் படித்ததில், அது பாதி உண்மை என்று தெரிந்தது. மீதிப் பாதி இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. முழுக் கதையைக் கேட்டால், நாம் சொல்லிக்கொண்டிருந்ததைவிட அது பெரிதாக இருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘கேஷ்’ ஒரு சொல் இல்லை, இரண்டு சொற்கள். எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, ஊர் வேறு வேறு. நம் ஊரில் ஒரே பெயரில் இரண்டு முருகேசன்கள் இருப்பார்களே, அந்த மாதிரி.

முதல் கேஷ், இன்று உலகம் முழுக்கச் சொல்கிற கேஷ், பெட்டி. லத்தீனில் ‘கப்ஸா’ என்றால் பெட்டி. இத்தாலியில் அது ‘காஸ்ஸா’ ஆனது, பிரெஞ்சில் ‘கேஸ்’ ஆனது. அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. வந்த புதிதில் பணப்பெட்டிக்கும் அந்தப் பெயர், பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கும் அதே பெயர். 1599 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில், பந்தயத்தில் ஜெயித்த ஒருவன் தன் பணத்தைக் கேட்டு நிற்கிறான். கொடுக்க வேண்டியவன், கேஷாகவே நியாயமாகத் தருகிறேன் என்கிறான். அங்கே அது கையில் எண்ணித் தரும் பணம்தான். போகப்போகப் பெட்டி என்ற அர்த்தம் ஆங்கிலத்திலிருந்து உதிர்ந்துவிட்டது. உள்ளே இருந்த பணம் மட்டும் பெயரை வைத்துக்கொண்டது.

பெட்டியின் பெயர் எப்படிப் பணத்துக்குப் போகும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் சித்தப்பாவிடம் கேளுங்கள். ‘இன்னைக்குக் கல்லா எவ்வளவு?’ என்று ராத்திரி கடை அடைக்கும்போது கேட்பார். பெட்டியின் நீள அகலத்தையா கேட்கிறார்? ‘சித்திரைத் திருவிழாவுக்குக் கல்லா கட்டிருச்சு’ என்பார்கள், ‘மாசக் கடைசி, கல்லா மந்தம்’ என்பார்கள். கல்லா என்பது பெட்டி. வியாபாரி வாயில் அது பணம். லண்டனில் நானூறு வருடத்துக்கு முன்னால் நடந்தது இந்தத் தெருவில் தினமும் நடக்கிறது. அகராதியில் படித்தபோது எனக்குப் பிடிபடவில்லை. இந்தக் கடையில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தபோது சட்டென்று புரிந்தது.

அந்த லத்தீன் பெட்டிக்கு இன்னும் பல பிள்ளைகள் உண்டு. கண்ணாடி வைக்கும் ‘கேஸ்’ அதுதான். பாட்டு கேட்ட ‘கேசட்’ என்றால் சின்னப் பெட்டி. டாக்டர் எழுதித் தரும் ‘கேப்ஸ்யூல்’ என்றாலும் சின்னப் பெட்டிதான். கல்லாவில் உட்காருகிற ‘கேஷியர்’ பெட்டிக்காரர். ஆனால் ராணுவத்தில் ஒரு அதிகாரியை வேலையைவிட்டு நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. அதற்கும் பெட்டிக்கும் சம்பந்தமில்லை, அது ரத்து செய்வது என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது.

சரி, இப்போது நம் காசுக்கு வருகிறேன். இதுதான் இரண்டாவது கேஷ்.

பெட்டியின் நடுக்குழியில் ஒரு செம்பு நாணயம் கிடந்தது. வெளிச்சத்தில் பிடிக்கிறேன். ஒரு பக்கம் கொடி பிடித்த இரண்டு சிங்கங்கள், நடுவில் ஒரு கேடயம், சுற்றிலும் ஈஸ்ட் இந்தியா கம்பெனி என்று ஆங்கிலத்தில். கீழே 1803. கடைசி எண் மங்கிவிட்டது, சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அப்பத்தா இதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைப்பாராம். இப்போது திருப்புகிறேன். நடுவில் பாரசீக எழுத்து, அதற்குக் கீழே ஆங்கிலத்தில், ரோமன் எண்ணில் இருபது போட்டு, ‘கேஷ்’ என்று இருக்கிறது. இருபது காசு. பாரசீக எழுத்து சொல்வதும் அதுதான், ‘இருபது காசு நான்கு ஃபலூஸ்’ என்று. ஃபலூஸ் என்றால் செம்புக் காசு. அந்த எழுத்திலும் ‘காஸ்’ என்றே இருக்கிறது. நம் சொல் ஒரே நாணயத்தில் இரண்டு எழுத்தில் இரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறது.

இதை அச்சடித்தது இங்கே இல்லை. இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்தில், சோஹோ என்ற இடத்தில், நீராவி இயந்திரத்தில் அடித்துக் கப்பலில் ஏற்றி மதராஸுக்கு அனுப்பினார்கள். 1801இல்தான் மதுரைச் சீமை முழுதாகக் கம்பெனி கைக்குப் போனது. இந்த நாணயம் அதற்கு இரண்டு வருடம் கழித்து அடித்தது. இதே மாதிரிக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு மதராஸுக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே மணல்திட்டில் மோதி முழுகிப்போனது. 1980-களில் முக்குளித்து எடுத்தார்கள். நம் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கியிருக்க வேண்டிய காசு, நூற்றெழுபது வருடத்துக்கு மேல் கடலடியில் கிடந்திருக்கிறது.

அன்றைய கணக்கு என்ன தெரியுமா? 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன், அது பொன் நாணயம். ஒரு வராகன் மூன்றரை ரூபாய். ‘பணம்’ என்பது அன்று ஒரு குறிப்பிட்ட நாணயத்தின் பெயர், கவனியுங்கள். ஆங்கிலேயர் அதை ‘ஃபனம்’ என்று எழுதினார்கள். நாணயம் போய்விட்டது, பெயர் மட்டும் பெருத்து இன்று எல்லாச் செல்வத்துக்கும் பெயராக நிற்கிறது. என் கையில் இருக்கிற மாதிரி நான்கு இருந்தால் ஒரு பணம், 168 இருந்தால் ஒரு வராகன்.

இந்தக் ‘கேஷ்’ எப்படி ஆங்கிலத்துக்குப் போனது? நடுவில் போர்ச்சுக்கீசியர். இந்தியக் கரையில் அவர்கள் காதில் விழுந்தது காசு. கொங்கணியிலும் அதே சொல் உண்டு. ‘கர்ஷம்’ என்ற வடமொழி எடைப் பெயரோடு இதைச் சேர்த்துச் சொல்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள். போர்ச்சுக்கீசியர் காதில் விழுந்த இந்தச் சொல்லை அவர்கள் எழுதிய விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ‘கைஷா’ என்று எழுதினார்கள். ஏன்? அவர்கள் மொழியில் ஏற்கெனவே ‘கைஷா’ என்று ஒரு சொல் இருந்தது. அதற்கு அர்த்தம் பெட்டி! அதே லத்தீன் பெட்டி. நம் காசை எடுத்துத் தங்கள் பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். ஆங்கிலேயர் கைக்கு வரும்போது இரண்டும் ஒரே ஓசையாக, ஒரே எழுத்தாக ஆகிவிட்டன.

அப்புறம் அந்தச் சொல் இங்கேயே நிற்கவும் இல்லை. கிழக்கே போன ஐரோப்பிய வியாபாரிகள் சீனாவின் செம்பு நாணயத்தைப் பார்த்தார்கள். வட்டமாக, நடுவில் சதுர ஓட்டை. கயிற்றில் கோத்து ஆயிரம் ஆயிரமாகத் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். அதற்கும் ‘கேஷ்’ என்றே பெயர் வைத்தார்கள். சீனர்கள் அப்படிச் சொன்னதே இல்லை, அவர்களுக்கு அவர்கள் சொல் இருந்தது. ஆனால் இன்றுவரை ஆங்கிலப் புத்தகங்களில் சீனாவின் பழைய நாணயத்துக்குப் பெயர் ‘கேஷ்’. அருங்காட்சியகங்களில் அதன் கீழே எழுதியிருப்பதும் அதுதான். சீன நாணயத்தின் நெற்றியில் நம் காசு.

நாமும் வாங்கியிருக்கிறோம். ‘துட்டு’ என்கிறோமே, அது டச்சுக்காரர்களின் சின்னச் செம்பு நாணயத்தின் பெயர். மதுரையில் அதைச் சொல்லாத வாய் உண்டா?

இனி, காசு நம்மிடம் என்னவெல்லாம் அர்த்தத்தில் இருந்தது என்றும் பார்க்கலாம். குறுந்தொகை 67ஆம் பாட்டில் ஒரு கிளி, வளைந்த அலகில் வேப்பம்பழம் வைத்திருக்கிறது. அந்த மஞ்சள் பழம் எப்படி இருக்கிறதாம்? புது நூலில் பொன் காசைக் கோக்கிற பொற்கொல்லன், நக நுனியில் அதைப் பிடித்திருப்பதுபோல் இருக்கிறதாம். ‘பொலங்கல ஒரு காசு ஏய்க்கும்’. அங்கே காசு சந்தைக்குப் போகவில்லை, கழுத்துக்குப் போகிறது. அந்த அர்த்தம் அழியவில்லை. தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளில் போய்க் காசு மாலை என்று கேளுங்கள், எடுத்து வைப்பார்கள். எங்கள் அப்பத்தா கழுத்தில் கிடந்ததும் அதுதான். வெண்பா படித்தவர்களுக்கு இன்னொரு காசும் நினைவிருக்கும். ஈற்றடியின் கடைசிச் சீருக்கு வாய்பாடு நாள், மலர், காசு, பிறப்பு.

ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் திருவீழிமிழலையில் இருக்கிறார். பஞ்சம். சிவன் அவருக்கும் அப்பருக்கும் தினம் ஒரு பொற்காசு தருகிறார் என்பது கதை. அப்பரின் காசு கடையில் அப்படியே செல்கிறது. சம்பந்தரின் காசுக்குக் கடைக்காரர் வட்டம் பிடித்துக்கொண்டு மீதிக்குத்தான் சரக்குக் கொடுக்கிறார். அந்தக் கழிவுக்குப் பெயர் ‘வாசி’. ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று சாமியிடமே பாடிக் கேட்டார், மதுரையில் ‘மந்திரமாவது நீறு’ பாடிய அதே சம்பந்தர். கிழிந்த நோட்டை மாற்றித் தருகிறவர் நூறுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வாரே, அது வாசிதான். சந்தையின் நடைமுறை ஒரு தேவாரத்துக்குள் இவ்வளவு துல்லியமாக இருப்பது என்னை அசைத்துவிட்டது.

1957 ஏப்ரலில் ரூபாய்க்கு நூறு பைசா என்று ஆனபோது, தெற்கத்திச் சனம் அந்தப் பைசாவையும் காசு என்றே கூப்பிட்டது. ‘பத்துக் காசு மிட்டாய்’ என்று அப்பா சொல்வார். ஜல்லிக்கட்டு என்ற பெயரே மாட்டுக் கொம்பில் சல்லிக்காசு முடிந்து கட்டியதால் வந்தது என்று அலங்காநல்லூர்ப் பக்கம் சொல்வார்கள்.

இதோ, ஆள் வந்துவிட்டார். ஒரு நிமிடம்.

கேட்டதா? ‘கேஷா, ஸ்கேனா?’ என்றார் சித்தப்பா. நான் சின்னப் பிள்ளையாக இதே கடையில் நின்றபோது கேள்வி ‘கேஷா, கணக்கா?’ என்றிருக்கும். கணக்கு என்றால் கடன் நோட்டு. அன்று கேஷ் என்றால் உடனே கொடுக்கிற பணம். நடுவில் செக் வந்தது, கார்டு வந்தது. 2016இல் யூபிஐ வந்தது, அதே வருடம் நவம்பரில் ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போயின. இன்று போனில் அனுப்புவதும் உடனே வருகிற பணம்தான், ஆனால் அதை யாரும் கேஷ் என்று சொல்வதில்லை. எதிரே எந்தச் சொல் நிற்கிறதோ, அதைப் பொறுத்துக் கேஷின் அர்த்தம் நகர்கிறது. முன்பு கடனுக்கு எதிர்ச்சொல், இப்போது போனுக்கு எதிர்ச்சொல். கையால் தொடக்கூடியது என்பதே இன்று அதன் அர்த்தம். ஆனால் ‘கேஷ்பேக்’ என்று வருவதை மட்டும் கையால் தொடவே முடியாது.

வெளிச்சம் ஏறிவிட்டது, கூட்டம் வரும், இடத்தைக் காலிசெய்ய வேண்டும். உங்கள் வீட்டில் பழைய செம்புக் காசு கிடந்தால், அஞ்சறைப்பெட்டியிலோ சாமி படத்துக்குக் கீழோ பாருங்கள், எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பாரசீக எழுத்துக்குக் கீழே பத்து அல்லது இருபது என்று ரோமன் எண் இருக்கலாம், பக்கத்தில் ‘கேஷ்’ இருக்கலாம். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் படம் எடுங்கள், எழுத்து நன்றாகத் தெரியும். புளி மட்டும் வேண்டாம். எலுமிச்சம்பழமும் வேண்டாம். துணியால் தூசி தட்டினால் போதும்.

அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.