தடைக்காலத்துப் படகுகள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். இந்நேரம் உங்களில் சிலர் உலை வைத்திருப்பீர்கள், சிலர் வலையோடு உட்கார்ந்திருப்பீர்கள். கை வேலையை நிறுத்த வேண்டாம், அப்படியே கேளுங்கள். நான் பேச வந்ததும் கைவேலையைப் பற்றித்தான்.

மண்டபம் பக்கம் ஒரு பள்ளியில் 30 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தேன். மாம்பழம், மண்பானை, கோபுரம் என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக் கொடுத்தவன். ஓய்வு பெற்ற அன்று யோசித்துப் பார்த்தால், எனக்கென்று வரைந்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. கரும்பலகையில் போட்டதெல்லாம் மணி அடித்ததும் துடைக்கப்பட்டுவிட்டது. தங்கை மகள் பேனாவோடு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தாள். "மாமா, தாள் தீராது, சாயம் காயாது. சும்மா வரையுங்கள்" என்றாள். அந்தச் சும்மாதான் எனக்குக் கைவரவில்லை.

நான் வரையும் செயலியில் இரண்டு விரலால் திரையைத் தட்டினால் கடைசியாகப் போட்ட கோடு மறைந்துவிடும். இன்னொரு தட்டு, அதற்கு முந்தின கோடும் போய்விடும். பெரிய வசதி என்றுதான் நினைத்தேன். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு ஒரு வள்ளம் வரைய உட்கார்ந்தேன். அணியம், அதாவது வள்ளத்தின் முன்பக்கம், மேலெழும் வளைவு இருக்கிறதே, அது சரியாக விழவில்லை. தட்டினேன். மறுபடி போட்டேன், மறுபடி தட்டினேன். ஓவிய வாத்தியாருக்கு ஒரு வளைவு வரவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும்? ஊர் தூங்கிக்கொண்டிருந்தது, அது வேறு விஷயம். பதினொன்றரை மணிக்கு சார்ஜ் தீர்ந்து திரை இருண்டது. மூன்றரை மணி நேரத்தில் மிஞ்சியது ஒன்றுமில்லை. கடைசிக் கோட்டையும் நானேதான் அழித்திருந்தேன்.

மறுநாள் கடற்கரைக் கொட்டகையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். எழுபதைத் தாண்டியவர். நைலான் நூல் அறுத்து அறுத்து இடது கைப் பெருவிரலில் வெள்ளைத் தழும்பு. வலையின் ஒரு நுனியைக் கால்விரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். ஊசி போவதும் முடிச்சு விழுவதும் கண்ணுக்குத் தெரியவில்லை. தலை நிமிராமலே கேட்டார்: "ஒரு கண் பெரிதாக விழுந்துவிட்டால் முழு வலையையும் பிரிப்பேனா வாத்தியாரே? மீன் அந்த ஒரு கண்ணைத் தேடிக்கொண்டா வரும்?" கொஞ்சம் பொறுத்து, "நான் முதல் வருடம் பொத்திய வலையை என் அப்பா கோழிக்கூட்டுக்குப் போட்டார்" என்றார்.

கோழிக்கூட்டுக்காவது ஆயிற்றே! என் வளைவு அதற்கும் ஆகவில்லை.

அந்த வாரம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. உங்களுக்குத் தெரியாததா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மராமத்துக்காகக் கரையேற்றி வைத்திருப்பார்கள். மற்ற நாளில் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் அடிப்பாகம் முழுவதும் வெளியே தெரியும். அசையாமல் உட்கார்ந்து கொடுக்கும் மாதிரி, கூலியும் கேட்காது. நாளுக்கு ஒரு படகு, 15 நிமிடம், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டேன். அழிக்கக் கூடாது. அதற்கு ஒரு தந்திரம்: நான் தட்டுவது இடது கையால், ஆகவே இடது கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சிரிக்காதீர்கள். டேப்லெட் மடியில், பேனா வலது கையில், இடது கை பையில்.

விடியும் நேரத்தையே பிடித்துக்கொண்டேன். வெயில் ஏறினால் திரை கண்ணாடியாகிவிடும், படகுக்குப் பதில் என் மூஞ்சிதான் தெரியும். டேவிட் ஹாக்னி என்ற ஆங்கில ஓவியர், உலகப் புகழ் பெற்றவர், எழுபது வயதைத் தாண்டி 2009 வாக்கில் கைபேசியில் வரையத் தொடங்கினார். அவரும் அப்போது ஒரு கடலோர ஊரில்தான் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே விடிவதைப் படுக்கையில் இருந்தபடியே வரைந்து நண்பர்களுக்கு அனுப்புவாராம். தாளில் வரைய விளக்கு வேண்டும், விளக்கைப் போட்டால் விடியல் தெரியாது. திரைக்கோ தன் வெளிச்சம் உண்டு. பெரிய ஓவியரே பொம்மை மாதிரி இருக்கும் கருவியை எடுத்துக்கொண்டாரே என்பதில் எனக்கு ஒரு தெம்பு.

முதல் வாரத்துப் படகெல்லாம் செருப்பு போல இருந்தன. சும்மா சொல்லவில்லை, ஒன்றுக்கு வார் மட்டும்தான் குறைச்சல். மே மாதம் கச்சான் காற்று, திரையில் மணலும் உப்பீரமும் படிந்து பேனா வழுக்கும். வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்து வரைந்தேன். 'இதெல்லாம் நமக்கு வராது' என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க 15 நிமிடத்தில் நேரமில்லை. திரும்பவும் சொல்கிறேன், இடது கை சட்டைப் பைக்குள். இருபத்து மூன்றாவது படத்தைப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இது மிதக்கும். ஆனால் பாறை மீன் பிடிக்கப் போகாதே" என்றார்.

நான்கு நாள் விட்டுப்போயிற்று. இரண்டு நாள் கல்யாணம், ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் காரணமே இல்லை. விட்டதற்கு ஈடாக மறுநாள் இரண்டு படம் போட்டுப் பார்த்தேன். அதைச் செய்யாதீர்கள். படம் கடனாகிவிடும், கடன்காரன் வீட்டுப் பக்கம் யாருக்குப் போகப் பிடிக்கும்?

கண்ணாடிக்கு அப்பால் விரல் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். படத்தை அடுக்கு அடுக்காக வரைவதைப் பற்றியும், ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசத்துச் சுவரில் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஓவியங்களைப் பற்றியும் பேசக் குறிப்பு எடுத்து வந்திருந்தேன். அந்த ஓவியங்களை நீங்களே ஒரு நாள் போய்ப் பாருங்கள். நீங்களும் வரைய நினைத்தால் செயலிகள் உண்டு: கைபேசிக்கு ஐபிஸ் பெயிண்ட், கணினிக்கு கிரிட்டா, இரண்டுமே காசு கொடுக்காமல் கிடைக்கின்றன.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 15 விடியலில் வழக்கம் போலப் போனேன். கரை வெறிச்சென்று கிடந்தது, படகுகள் போய்விட்டன. படகு நின்ற இடத்தில் மணலில் நீளமாக ஒரு பள்ளமும், பெயின்ட் சிந்திய நீலத் திட்டும் இருந்தன. உட்கார்ந்து அதை வரைந்தேன். பெரியவர் எட்டிப் பார்த்து, "யார் படகு இது?" என்று கேட்டார்.