ஒற்றுப் போடுகிறவன்

(எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பேசியது. பேசும்போது நடுநடுவே வந்த 'வந்து', 'அதாவது' எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், மற்றபடி அப்படியே.)

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் ஐயா அறிமுகம் செய்யும்போது என்னை எழுத்தாளர் என்று சொல்லிவிட்டார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டம்மா சிரித்ததை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர் சிரித்ததுதான் சரி. 12 வருடமாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் இருக்கிறேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நானே எழுதிய கட்டுரை என்று எண்ணினால் ஐம்பது தேறினால் அதிகம். மற்ற நேரமெல்லாம் யாரோ எழுதியதில் ஒரு 'க்' சேர்ப்பது, ஒரு 'ப்' எடுப்பது, 'முயற்ச்சி'யை 'முயற்சி' ஆக்குவது, காலமாகிவிட்டவர் பக்கத்தில் 'வசிக்கிறார்' என்று இருப்பதை 'வசித்தார்' என்று மாற்றுவது. இந்த வேலைக்கு நல்ல பெயர் ஒன்றும் கிடையாது. ஒற்றுப் போடுகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் களஞ்சியம் நிற்பதே இந்த ஒற்றுப் போடுகிறவர்களால்தான், எழுதிக் குவிக்கிறவர்களால் இல்லை என்பது என் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் பேச்சு முடிந்ததும் வரலாம், டீ இருக்கிறது.

நமக்குத் தெரிந்த உதாரணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ராணிப்பேட்டை தனி, திருப்பத்தூர் தனி. அன்றைக்கு நம் எல்லோருக்கும் இருந்த கவலை, ரேஷன் கார்டில் முகவரி மாற்ற வேண்டுமா, இனிமேல் கலெக்டர் ஆபீஸுக்கு எந்த பஸ் ஏறுவது. விக்கிப்பீடியாவில் இருந்தவர்களுக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. இந்த மூன்று மாவட்டங்களின் ஊர்கள், வட்டங்கள், ஒன்றியங்கள், பேரூராட்சிகள், சட்டமன்றத் தொகுதிகள், கோயில்கள், ரயில் நிலையங்கள் என்று அத்தனை பக்கங்களிலும் 'வேலூர் மாவட்டம்' என்று இருக்கிறது, அரசாணை வந்தால் அந்தப் பக்கங்கள் தானாக மாறிவிடாது.

ஒரு தானியங்கியை, அதாவது தானாகவே பக்கங்களைத் திருத்திக்கொண்டு போகிற நிரலை, ஏவிவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடாதா என்று கேட்பீர்கள். மாற்றிவிடும், அதுதான் பயமே. அரக்கோணம் ராணிப்பேட்டைக்குப் போனது, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, குடியாத்தம் வேலூரிலேயே தங்கிவிட்டது. இதை ஊர் ஊராகச் சொல்லிக் கொடுக்காவிட்டால் நிரலுக்குத் தெரியாது. பழைய சம்பவம் ஒன்றை எழுதும்போது அன்றைக்கு இருந்த மாவட்டப் பெயரோடுதான் எழுத வேண்டும், 1970களில் நடந்தது என்றால் அது வட ஆற்காடு மாவட்டம்தான், அதைத் தொடக்கூடாது என்பதும் தெரியாது. சரி, இதெல்லாம்கூடப் பரவாயில்லை. திருப்பத்தூர் என்று நாட்டில் இரண்டு இருக்கிறது! சிவகங்கைப் பக்கம் இருக்கும் திருப்பத்தூரில்தான் 1801இல் மருது சகோதரர்களை வெள்ளைக்காரன் தூக்கில் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெயரை எடுத்து இன்னொரு பெயரைப் போட்டால், பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் ஏலகிரி மலை அடிவாரத்துக்குக் கொண்டுவந்து இன்னொரு தரம் தூக்கில் போட்ட மாதிரி ஆகிவிடும்.

அதனால் கையால்தான் செய்தோம். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. கட்டுரையைப் பற்றி எழுதுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உரையாடல் பக்கம் என்று ஒன்று உண்டு, அதில் ஒருவர் பட்டியல் போட்டார், கீழே ஒருவர் 'ஆம்பூர் வட்டம் நான் பார்க்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து என்றால் நான்கு அலைக்குறி, அதைப் போட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானாக விழும். நான் அரக்கோணத்தை எடுத்துக்கொண்டேன். கனடாவில் இருக்கும் ஒருவர், நம் பக்கத்தை வரைபடத்தில் மட்டுமே பார்த்தவர், நெமிலி ஒன்றியத்தை முடித்துக் கொடுத்தார். இன்றுவரை அவர் முகம் எனக்குத் தெரியாது. ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்றுகூடத் தெரியாது, பயனர் பெயர் அப்படி.

இப்போது என் சொந்த அவமானம் ஒன்று. நான் உள்ளே வந்ததே ஒற்றுப் போட இல்லை, ஊர்ப் பெருமை பேச. எங்கள் பாட்டி ஊர்க் கோயிலைப் பற்றி எழுதினேன். '2000 ஆண்டுகள் பழமை வாய்ந்த, உலகப் புகழ்பெற்ற, அற்புதமான திருத்தலம்' என்று முதல் வரி. சேமித்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் வரி மாறிவிட்டது. 'உலகப் புகழ்பெற்ற' போச்சு, 'அற்புதமான' போச்சு, 2000க்குப் பக்கத்தில் மேலே சின்னதாக 'மேற்கோள் தேவை' என்று ஒரு குறி உட்கார்ந்திருக்கிறது. வந்த கோபத்துக்குப் பழையபடி மாற்றினேன். மறுபடி எடுத்தார்கள். 'எங்கள் தாத்தா சொன்னார், அவருக்கு அவர் தாத்தா சொன்னார்' என்று உரையாடல் பக்கத்தில் எழுதினேன், இன்றைக்கும் அது அங்கே இருக்கிறது, விக்கிப்பீடியாவில் வரலாறு அழியாது, என் பிள்ளைகள் படித்துச் சிரிக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. 'கோயிலில் கல்வெட்டு இருக்கிறதா என்று பார்த்தீர்களா?' என்று மட்டும் கேட்டார்.

பார்த்ததில்லை. சின்ன வயதில் அந்தக் கல்வெட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டிருக்கிறேன், படித்ததில்லை. மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்க் கல்வெட்டுத் தொகுதிகளைக் கேட்டேன். நூலகர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். மூன்று சனிக்கிழமை ஆயிற்று. கடைசியில் கிடைத்தது: மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான், அணையாமல் எரிகிற நந்தா விளக்குக்கு நெய் வேண்டி 32 பசு விட்ட கல்வெட்டு. குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்தது 1178. ஆக நான் சான்றோடு சொல்ல முடிந்த வயது 800க்குச் சொச்சம். கோயில் அதற்கு முன்னாலும் இருந்திருக்கலாம், ஆனால் இருந்தது என்று எழுத என்னிடம் காகிதம் இல்லை. நானே போய் 2000ஐ அடித்தேன். அந்த வருடத் திருவிழாவில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'ஏம்பா, வெளியூர்க்காரன் செஞ்சா பரவாயில்ல, நீயே சாமிக்கு வயசக் குறைக்கலாமா?' என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அந்த 32 பசு விஷயம் ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இப்போது கோயில் வாசலில் அதைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள், ஒற்றுப் பிழையோடு.

இதெல்லாம் நாம் புதிதாகக் கண்டுபிடித்த காரியம் இல்லை. தமிழில் இப்படி ஒரு அகராதி வரிசைக் களஞ்சியம் 1902இலேயே யாழ்ப்பாணத்தில் வந்துவிட்டது, முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதானகோசம். அப்புறம் 1910இல் சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி. சுதந்திரத்துக்குப் பிறகு பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராக வைத்துத் தமிழ் வளர்ச்சிக் கழகம் 10 தொகுதிகள் போட்டது, 1954இல் முதல் தொகுதி, 1968இல் கடைசி. நம் நூலகத்திலேயே மாடியில் இருக்கிறது, ஏறிப் போய்ப் பாருங்கள். மலைப்பான உழைப்பு. ஆனால் அச்சில் ஏறிய பிழையைத் திருத்த அடுத்த பதிப்பு வரவேண்டும். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியபோது ஆரம்ப நாட்களில் பெரும்பாலும் தனியாளாக உட்கார்ந்து எழுதியவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான், வளைகுடாவில் வேலை பார்த்த கட்டிடக்கலைஞர் மயூரநாதன். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குப் போனது. 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின.

யாழ்ப்பாணத்துக்காரரும் நாமும் ஒரே பக்கத்தில் எழுதினால் என்ன ஆகும்? ஆக்சிஜன் பக்கத்தைப் பாருங்கள். நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஆக்சிஜன், அவர்கள் புத்தகத்தில் ஒட்சிசன். நடுவில் ஒருவர் வந்து கிரந்த எழுத்தே வேண்டாம் என்பார், இன்னொருவர் உயிர்வளி என்று அழகான சொல் இருக்கும்போது ஏன் இந்தப் பாடு என்பார். இந்த 'ஜ' சண்டை இருக்கிறதே, ஜனவரியா சனவரியா என்பதற்கு மட்டும் எழுதிய வரிகளைச் சேர்த்தால் தனிப் புத்தகம் போடலாம். கடைசியில் தலைப்பு ஆக்சிசன் என்று நின்றது, முழுக்க இந்தப் பக்கமும் இல்லை, முழுக்க அந்தப் பக்கமும் இல்லை. எந்தப் பெயரில் தேடி வந்தாலும் அங்கே கொண்டுபோய் விடுகிற மாதிரி வழிமாற்றுப் பக்கங்கள் போட்டுவிடலாம். துடுப்பாட்டம் என்ற தலைப்பைப் பார்த்து நான் முதலில் ஏதோ படகுப் போட்டி என்று நினைத்தேன், உள்ளே போனால் சச்சின் டெண்டுல்கர்! இலங்கையில் கிரிக்கெட்டுக்கு அதுதான் பெயர். அந்தச் சொல் எனக்கு இன்னும் நாக்கில் ஒட்டவில்லை, ஆனால் அதைப் போய் மாற்ற மாட்டேன். அந்த மொழி அவர்களுடையதும்தான்.

மொழி தெரிந்த ஆள் இருந்தால் போதும், காசு கொடுத்து மொழிபெயர்த்து நிரப்பிவிடலாம் என்று ஒரு பெரிய தேடுபொறி நிறுவனம் 2009, 2010 வாக்கில் முயற்சி செய்தது. நல்ல எண்ணம்தான். ஆங்கிலக் கட்டுரைகளை மென்பொருள் உதவியோடு தமிழாக்கி நீள நீளமாக ஏற்றினார்கள். வாக்கியம் தமிழ் எழுத்தில் இருக்கும், தமிழில் இருக்காது. அதைவிடப் பெரிய குறை, உரையாடல் பக்கத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் வராததுதான். எழுதியவருக்கு அந்தப் பக்கத்தின் மேல் ஒட்டு இல்லை, ஏற்றிவிட்டுப் போய்விட்டார். ஒற்றுப் போடுகிறவர்கள் வருடக்கணக்காகத் துடைத்தார்கள்.

நாங்கள் துடைக்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வெளிநாட்டுக் கதை. 2009 மார்ச்சில் மாரிஸ் ஜார் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் காலமானார். செய்தி வந்த கையோடு டப்ளினில் ஒரு கல்லூரி மாணவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் போய், அவர் சொன்னதாக ஒரு உருக்கமான வாசகத்தைத் தானே கட்டிச் சேர்த்தார். சோதனைக்குத்தான். சான்று இல்லை என்று தன்னார்வலர்கள் அதை எடுத்தார்கள், மறுபடி போட்டபோது மறுபடியும் எடுத்தார்கள். அந்த இடைவெளியில் அதைப் பார்த்த பத்திரிகைகள், சம்பளம் வாங்குகிற ஆசிரியர்கள் இருக்கும் பத்திரிகைகள், அஞ்சலிக் கட்டுரையில் அப்படியே போட்டுவிட்டன. ஒரு மாதம் கழித்து அந்த மாணவரே எழுதிச் சொன்ன பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

எப்போதும் நாங்கள்தான் ஜெயிக்கிறோம் என்று நினைக்காதீர்கள். சாதிப் பக்கங்களுக்குள் ஒரு நாள் வந்து பாருங்கள். இன்ன மன்னர் எங்கள் ஆள் என்று காலையில் ஒருவர் எழுதுவார், மத்தியானம் இன்னொருவர் மாற்றுவார், சாயங்காலம் மூன்றாமவர் இரண்டு பேரையும் திட்டிவிட்டுத் தன் சாதியைப் போடுவார். 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தை மூன்று தடவைக்கு மேல் பழையபடி திருப்பக்கூடாது என்று விதி இருக்கிறது, மீறினால் நிர்வாகி வந்து பக்கத்தைப் பூட்டுவார். பூட்டுகிற நேரத்தில் எந்த வாசகம் இருந்ததோ அது நிற்கும், அது தப்பான வாசகமாகவும் இருக்கும். எனக்கு இதில் அலுப்பு உண்டு, இரண்டு முறை ஆறு மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறேன். இன்னொன்று, எழுதுகிறவர்களில் பெண்கள் மிகக் குறைவு, அதனால் எந்தக் கட்டுரை இல்லை என்பதே கண்ணில் படாமல் போகிறது. கோலப்பொடி அரைப்பது பற்றியோ முறுக்குப் பிழிகிற அச்சு பற்றியோ எழுத என்னைப் போன்ற ஆளுக்குத் தோன்றவே தோன்றாது.

சரி, நேரமாகிவிட்டது, தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நூலகக் கம்ப்யூட்டரில் நம் ஊர் ஏரியின் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன், திரையில் தெரிகிறதா? நாலே வரி. மேலே 'தொகு' என்று இருக்கிறது பாருங்கள், அதைத் தட்டினால் யாரும் எழுதலாம், ஏற்கெனவே 'எரி' என்று யாரோ நெடிலை விட்டிருக்கிறார்கள், ஒரு பிள்ளை வந்து அதைச் சரி பண்ணட்டும். வாம்மா, அந்தப் பச்சைத் தாவணி. பயப்படாதே, தப்பாகப் போனால் பழையபடி கொண்டுவந்துவிடலாம். ஆ, அவ்வளவுதான், இப்போது சேமி. அடுத்தது, ஆயக்கட்டு எத்தனை ஏக்கர் என்ற இடம் காலியாக இருக்கிறது. யாருக்காவது தெரியுமா?

பின்னால் ஐயா கை தூக்குகிறார். 640 ஏக்கர் என்கிறார். நீங்கள் பழைய கர்ணம் வீட்டுப் பிள்ளை, உங்களுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும், நான் நம்புகிறேன் ஐயா. ஆனால் எந்தக் காகிதத்தில் இருக்கிறது?