மூச்சு வெளியே வர மறுக்கும்போது

வணக்கம். இளைப்பு வந்து திணறுபவரிடம் சுற்றியிருப்பவர்கள் முதலில் சொல்வது, “மூச்சை நன்றாக உள்ளே இழு” என்பதுதான். அவருடைய நுரையீரலோ அந்த நேரத்தில் வெளியேற முடியாத காற்றால் ஏற்கெனவே விம்மி நிற்கிறது. ஆஸ்துமாவும், மருத்துவர்கள் சி.ஓ.பி.டி. என்று சுருக்கிச் சொல்லும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் அடிப்படையில் மூச்சை வெளிவிடுவதில் உண்டாகும் கோளாறுகள். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் திரையில் தெரியும் படத்தைப் பாருங்கள். குரல்வளைக்குக் கீழே தொடங்கும் மூச்சுக்குழல், பெரியவர்களுக்குச் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பின்பக்கம் திறந்த வளையங்களாக அமைந்த குருத்தெலும்பு அதைச் சுருங்கிவிடாமல் தாங்குகிறது. பிறகு அது இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கக் கிளை சற்று அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால்தான், குழந்தைக்குப் புரையேறி நிலக்கடலை உள்ளே போய்விட்டால் பெரும்பாலும் வலது நுரையீரலில் தேடுகிறார்கள். அதன்பின் ஏறக்குறைய 23 முறை கிளை பிரிந்து, 30 கோடி முதல் 50 கோடி வரையிலான காற்று நுண்ணறைகளில் அந்தப் பாதை முடிகிறது. பிராணவாயு இரத்தத்தில் கலப்பதும், கரியமில வாயு வெளியேறுவதும் அங்கேதான்.

நாம் கவனிக்க வேண்டியது இடையில் உள்ள நுண்குழல்களை. ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்துவிட்ட இவற்றுக்குக் குருத்தெலும்பின் தாங்கல் இல்லை. சுற்றிலும் தசை மட்டும் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் சுருங்கிக் கீழிறங்க, விலா எலும்புகள் உயர, மார்புக்கூடு விரிந்து சுமார் அரை லிட்டர் காற்று உள்ளே வருகிறது. அப்போது விரிகின்ற நுரையீரல் இந்த நுண்குழல்களையும் எல்லாப் பக்கமும் இழுத்து அகலமாக்குகிறது. வெளிவிடுவதற்கு, ஓய்வாக இருக்கும் நேரத்தில், தனி முயற்சியே தேவையில்லை. விரிந்த நுரையீரல் தன் மீள்தன்மையால் தானே சுருங்குகிறது. கூடவே நுண்குழல்களும் சற்றுக் குறுகுகின்றன. நலமாக இருப்பவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

ஆஸ்துமாவில் இந்தக் குழல்களின் தசை இறுகி, உட்சுவர் வீங்கி, சளியும் சேர்ந்துகொள்கிறது. 11ஆம் வகுப்பு இயற்பியலில் வரும் பாய்சொய் சமன்பாட்டைப் படித்தவர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள்: குழலின் ஆரம் பாதியானால், காற்றோட்டத்துக்கான தடை 16 மடங்காகிறது. அந்தத் தடையை மீற நோயாளி வயிற்றுத் தசையை இறுக்கி மூச்சைத் தள்ளுகிறார். தள்ளும் அழுத்தமே குருத்தெலும்பு இல்லாத அந்தக் குழல்களை வெளியிலிருந்து மேலும் நெரிக்கிறது. வீசிங் என்று நாம் சொல்லும் அந்த ஒலி மூச்சை வெளிவிடும்போது மிகுதியாகக் கேட்பது இதனால்தான். பழைய காற்று முழுவதும் போவதற்குள் அடுத்த மூச்சு தொடங்கிவிடுவதால் காற்று உள்ளே தேங்குகிறது. தேங்கிய காற்று உதரவிதானத்தைத் தட்டையாக அழுத்திவிட, அதனால் மேற்கொண்டு கீழிறங்க முடிவதில்லை. “மூச்சு உள்ளே போகவில்லை” என்று நோயாளி சொல்வது உண்மைதான். காரணம் மட்டும் வெளியேறும் வழியில் இருக்கிறது.

இன்ஹேலர் பழகிவிடும், அது கடைசிக் கட்டத்துக்கானது என்று நம்பும் வீடுகள் இன்னும் ஏராளம். இறுகிய குழல்களை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமால், இன்ஹேலரின் ஒரு பஃப்பில், அதாவது ஒருமுறை அழுத்தினால் வருவதில், இருப்பது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரை அதைப்போல 40 மடங்கு. மாத்திரைக்கு அஞ்சாமல் விழுங்கி, நெஞ்சு படபடப்பையும் கைநடுக்கத்தையும் பொறுத்துக்கொண்டு, இன்ஹேலருக்கு மட்டும் அஞ்சுவது எனக்கு இன்றுவரை விளங்காத கணக்கு. ஆனால் சால்பியூட்டமால் தசையை மட்டுமே தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. அதனால்தான் பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 2019 முதல் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் கூறுகிறது. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். இல்லையேல் வாயில் பூஞ்சை வரலாம்.

சி.ஓ.பி.டி.யில் கதை வேறு. பீடி, சிகரெட் புகையும், பல ஆண்டுகள் விறகடுப்பின் முன் சுவாசித்த புகையும் நுண்ணறைகளின் சுவர்களை அழித்துவிடுகின்றன. புகையே பிடிக்காத மூதாட்டிகளுக்கு இந்நோய் வருவதன் ஒரு காரணம் அந்த அடுப்படிதான். நுண்குழல்களை இழுத்துத் திறந்து வைத்திருந்தவை அந்தச் சுவர்களே. அவை போனபின் நுரையீரல், நைந்துபோன எலாஸ்டிக் நாடாவைப்போல் விரிந்தபடியே கிடக்கிறது. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லிப் பயிற்சி தருகிறார்களே, அது குழல்களுக்குள் சிறிது அழுத்தத்தை நிறுத்தி, அவை முன்கூட்டியே மூடிக்கொள்ளாமல் காக்கிறது. இழந்த சுவர்கள் திரும்ப வளர்வதில்லை. புகையை நிறுத்தினால் மேற்கொண்டு அழிவது மட்டுப்படும்.

இவற்றைக் கண்டறிய எக்ஸ்ரே மட்டும் போதாது, ஸ்பைரோமெட்ரி வேண்டும். 1846இல் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் வெளியிட்ட கருவியின் வழிவந்த சோதனை இது. நெஞ்சு நிறைய இழுத்த காற்றை முழு வேகத்தில் ஊத வேண்டும். குழல்களை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முதல் ஒரு நொடியில் வெளிவரும் அளவு மொத்தத்தில் 70 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் தீராத அடைப்பு இருக்கிறது என்று பொருள். ஆஸ்துமாவில் அந்த அளவு மருந்துக்குப் பின் பெரும்பாலும் நன்றாக உயரும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கடுமையான ஆஸ்துமாத் தாக்குதலில் வீசிங் ஒலி குறைந்து, ஆனால் நோயாளி சோர்ந்து, ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாமல் இருந்தால், குணமாகிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஒலி எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று ஓடவில்லை என்பதே அதன் பொருள். உடனே 108ஐ அழையுங்கள். படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். வண்டி வரும்வரை, அவருடைய சால்பியூட்டமாலை, இன்ஹேலரோடு பொருத்தும் குழாய் போன்ற ஸ்பேசர் வழியாக அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்கு ஒரு பஃப் என்ற கணக்கில் 10 பஃப் வரை கொடுக்கலாம்.