சார்லி கிறிஸ்டியன்: ஸ்விங்கிலிருந்து பீபாப்புக்கு

[திரை: கவுன்ட் பேஸி இசைக்குழு]

1930களில் நடனத்துக்கு வாசித்த ஜாஸ் பாணிதான் ஸ்விங். அந்தக் குழுக்களில் கிட்டார்காரர் கண்ணுக்குத் தெரிவார், காதுக்கு எட்டுவது கஷ்டம். ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) நாலு அடி, அடிக்கு ஒரு கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள். பேஸி குழுவில் 1937இல் சேர்ந்த ஃப்ரெடி கிரீன் அரை நூற்றாண்டு செய்தது இதைத்தான். அது இல்லாவிட்டால் அந்தக் குழுவின் நடையே மாறிவிடும். ஆனால் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும்போது மரப்பெட்டிக் கிட்டாரில் ஒற்றைத் தந்தி சோலோ எடுபடாது.

[திரை: கிப்சன் இஎஸ்-150, நெருக்கத்தில்]

1936இல் வந்த மின் கிட்டார் இது. தந்திகளுக்குக் கீழே இருப்பது பிக்கப்: கனமான காந்தம், எஃகுத் தகடு, அதைச் சுற்றிக் கம்பிச்சுருள். எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும், ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கும். மேற்பலகையில் தெரிகிற மூன்று திருகுகள் அந்தப் பாரத்தைத் தாங்கத்தான்.

மின் கிட்டாரை ஜாஸ் பதிவுக்கு முதலில் கொண்டுவந்தவர்களில் எடி டர்ஹாம் ஒருவர். சரி, அப்படியானால் சார்லி கிறிஸ்டியனுக்கு ஏன் இத்தனை பெயர்? ஓக்லஹோமா சிட்டியில் வளர்ந்த இவர், 1939இல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தபோது வயது 23. லெஸ்டர் யங்கின் சாக்ஸபோனைக் கேட்டு ஊறிய காது. கிட்டாரிலும் அதேபோல மூச்சு விட்டு நீளமாகப் பேசினார்.

[திரை: ஹார்லெம், 118ஆம் தெரு]

குட்மன் கச்சேரி முடிந்ததும் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற கிளப்புக்கு வந்துவிடுவார். வேகமும் சிக்கலான கார்டுகளும் கொண்ட பீபாப் என்ற புது ஜாஸ் அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. அங்கே பியானோவில் தெலோனியஸ் மங்க், டிரம்ஸில் கென்னி கிளார்க். கிளார்க் தாளத்தைக் கால் மிதிக்கும் பேஸ் டிரமிலிருந்து எடுத்து ரைடு சிம்பல் என்ற உலோகத் தட்டில் வைத்தார். பேஸ் டிரம் எதிர்பாராத இடத்தில் மட்டும் வெடிக்கும். நாலு அடியையும் அழுத்தும் கிட்டாருக்கு அங்கே வேலையே இல்லை. சோலோ கிட்டாருக்கோ இடம் ஏராளம்.

[ஒலி: 1941 மே பதிவு]

ஜெர்ரி நியூமன் என்ற ரசிகர் அங்கேயே வட்டில் பதிந்தது இது. ‘ஸ்விங் டு பாப்’ என்பது பின்னால் வைத்த பெயர். உண்மையில் இது டர்ஹாம் இணைந்து எழுதிய ‘டாப்சி’ என்ற மெட்டு. கார்ட் அதிகம் நகராத முதல் 16 பாரில் கிறிஸ்டியன் குட்டிக் குட்டி இசைத் துண்டுகளை, அதாவது ரிஃப்களை, திருப்பித் திருப்பி வாசிக்கிறார். அது ஸ்விங். அடுத்த 8 பாரில் கார்டுகள் நகர ஆரம்பித்ததும் ரிஃப் போய்விடுகிறது. பார் எல்லைகளைத் தாண்டி ஒரே ஓட்டமாக ஓடுகிறது விரல். ஸ்டுடியோவில் மூன்று நிமிட வட்டுக்குள் அடங்கிய கிறிஸ்டியனைவிட இவரே எனக்குப் பெரியவர்.

1942 மார்ச்சில், 25 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோனது. அந்த ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவுகளை நிறுத்திவைத்தது. பீபாப் வளர்ந்த அந்த வருடங்களுக்கு ஸ்டுடியோ சாட்சி மிகக் குறைவு. அதனால்தான் நியூமனின் வட்டுகளை இன்றும் தேடிக் கேட்கிறார்கள்.