கப்பலில் வந்த கோதுமையும் பெட்டகத்தில் இருக்கும் டாலரும்

(கல்லூரிப் பொருளியல் மன்றம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பேராசிரியர்களே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

"உலகப் பொருளாதாரத்தில் அமெரிக்கா" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாலையில் பேசி முடிக்கிற தலைப்பா இது? அதனால் நானே கொஞ்சம் வெட்டிக்கொண்டேன். கடந்த எண்பது ஆண்டுகளில் அமெரிக்கா அளவுக்கு உலகத்துக்கு வாரிக் கொடுத்த நாட்டைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அந்த அளவுக்குத் திட்டு வாங்கிய நாட்டைத் தேடிப் பிடிப்பதும் கஷ்டம். திட்டுகிறவர்களும் தங்கள் சேமிப்பை மட்டும் டாலரில்தான் வைத்திருக்கிறார்கள். இது எப்படி என்பதுதான் என் கேள்வி.

1944 ஜூலையில் தொடங்குவோம். போர் இன்னும் முடியவில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிரெட்டன் உட்ஸ் என்ற மலை ஊர். அங்கே ஒரு ஓட்டலில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். அடிமை நாடாக இருந்தாலும் இந்தியாவுக்கும் தனிக் குழு இருந்தது. நம் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் அதில் இருந்தார். போர்க்காலத்தில் இந்தியா கொடுத்த சரக்குக்காக பிரிட்டன் தர வேண்டிய பணம் லண்டனில் ஸ்டெர்லிங்காக, அதாவது பிரிட்டிஷ் பவுண்டாக, முடங்கிக் கிடந்தது. அதில் ஒரு பகுதியையாவது டாலராக மாற்றிக்கொள்ள வழி செய்யுங்கள் என்று நம்மவர்கள் கேட்டார்கள். நடக்கவில்லை.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு புதிய சர்வதேசப் பணம் வேண்டும் என்பது பிரிட்டனின் பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் வைத்திருந்த யோசனை. அதுவும் எடுபடவில்லை. ஒரு அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர், மற்ற பணமெல்லாம் டாலரோடு கட்டப்படும் என்று முடிவாயிற்று. அரசுகளிடம் இருந்த தங்கத்தில் பாதிக்கு மேல் அன்று அமெரிக்காவிடம்தான் இருந்தது. பிறகு யார் மறுத்துப் பேசுவது? அங்கே பிறந்த சர்வதேச நிதியத்தில் முக்கியமான தீர்மானங்களுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவின் கையில் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அதாவது அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அப்புறம், போரில் நொறுங்கிய ஐரோப்பாவை நிமிர்த்த வந்த மார்ஷல் திட்டம். 1948லிருந்து நான்கே ஆண்டுகளில் ஏறக்குறைய 13 பில்லியன் டாலர் ஐரோப்பாவுக்குப் போயிற்று. பெரும்பகுதி கடனல்ல, நன்கொடை. கம்யூனிசம் வந்துவிடும் என்ற பயமும் இருந்தது. அமெரிக்க ஆலைகளின் சரக்கை வாங்க ஐரோப்பியர்களிடம் டாலர் இல்லை என்ற கவலையும் இருந்தது. சுயநலம் கலந்த தர்மம்தான். இருந்தும் ஐரோப்பாவில் அந்தப் பெயர் இன்றைக்கும் மரியாதையோடு சொல்லப்படுகிறது. காரணம் தொகை மட்டுமில்லை என்று நினைக்கிறேன். என்ன வேண்டும் என்பதை நீங்களே கூடிப் பேசி எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார் அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் மார்ஷல். அவர்களும் கூடிப் பேசி எழுதினார்கள்.

நமக்கு நடந்தது வேறு கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1954ல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பொதுச்சட்டம் 480. நம் ஊரில் பி.எல். 480 என்றே பெயர். அமெரிக்காவில் கோதுமை விளைந்து குவிந்து, வைக்க இடமில்லாமல் கிடங்குச் செலவே பெரிய பாரமாகிவிட்டது. அதை ஏழை நாடுகளுக்கு அவர்கள் பணத்திலேயே விற்பது என்று ஏற்பாடு. நாம் டாலர் தேட வேண்டாம், ரூபாய் கொடுத்தால் போதும். 1956ல் நாம் சேர்ந்தோம். இதன் இன்னொரு கிளையாக, 'கேர்' என்ற தொண்டு அமைப்பின் வழியே வந்த அமெரிக்கப் பால் பவுடர் அறுபதுகளில் நம் பள்ளி மதிய உணவுக்கும் வந்தது. முன்வரிசையில் சில பெரியவர்கள் தலையாட்டுகிறார்கள், ருசி நினைவிருக்கிறது போல.

1965லும் 66லும் மழை பொய்த்தது. நாட்டின் உணவு தானிய உற்பத்தி 8.9 கோடி டன்னிலிருந்து ஒரே ஆண்டில் 7.2 கோடி டன்னாக விழுந்தது. 1966ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது, பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. கப்பல் வந்தால்தான் ரேஷன் என்ற நிலை. அந்தச் சமயம் பார்த்து அதிபர் ஜான்சன் கயிற்றை இறுக்கிப் பிடித்தார். நீண்டகால ஒப்பந்தம் கிடையாது, சிறுகச் சிறுகத்தான் அனுமதி. ஒவ்வொரு தவணைக்கும் அவரே முடிவெடுப்பார். இந்தியாவில் எங்கே மழை பெய்தது, எங்கே பெய்யவில்லை என்பதெல்லாம் தனக்கு அத்துப்படி என்று பின்னாளில் எழுதினார்.

ஜான்சனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஆலைகளுக்குக் கொட்டுகிற பணத்தில் கொஞ்சம் வயலுக்கும் கொடுங்கள் என்றார். நம் விவசாய அமைச்சர் சி. சுப்பிரமணியமும் அதையேதான் டெல்லியில் சொல்லிக்கொண்டிருந்தார். புதிய விதை, உரம், விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை என்று அவர் கேட்க, அந்நியச் செலாவணிக்கு எங்கே போவது என்று நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி மறிக்க, மந்திரிசபையில் இரண்டு தமிழர்களின் மல்லுக்கட்டு. 1965 நவம்பரில் ரோம் நகரில் சுப்பிரமணியம் அமெரிக்க விவசாயச் செயலாளர் ஆர்வில் ஃப்ரீமனைச் சந்தித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். தனக்கு ஏற்கெனவே இருந்த விருப்பத்துக்கு அமெரிக்க நெருக்கடியை அவர் சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்டார் என்பதே என் கணிப்பு. அடுத்த ஆண்டு 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை வந்தது. அதை உருவாக்கிய நார்மன் போர்லாக் ஓர் அமெரிக்கர், பின்னால் இருந்தது ராக்பெல்லர் அறக்கட்டளை. இதையும் மறக்கக் கூடாது.

ஆனால் கயிறு கோதுமையோடு நிற்கவில்லை. 1966 ஜூன் 6 அன்று டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்த ரூபாய் 7 ரூபாய் 50 காசாயிற்று. உலக வங்கியும் நிதியமும் சொல்லித்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். காங்கிரஸ் தலைவர் காமராஜர் கொதித்துப் போனார். மதிப்பைக் குறைத்தால் வரும் என்று சொன்ன உதவியும் சொன்னபடி வரவில்லை. வியட்நாமில் குண்டு போடுவதை நிறுத்துங்கள் என்று இந்திரா காந்தி பேசியபோது, தானிய அனுமதி இன்னும் மெதுவாக நகர்ந்தது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிற ஊர் இது. கோதுமையே இட்டவரை ஏன் நினைக்கவில்லை? கையில் கிண்ணத்தோடு நின்ற நாட்களைத்தான் மனது பிடித்து வைத்திருக்கிறது, கிண்ணத்தில் விழுந்ததை அல்ல. வயலிலும் சாலையோரத்திலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம்கூட அந்தக் கோதுமையோடு வந்தது என்றே நம்புகிறோம். அந்தச் செடி அதற்கு வெகுமுன்பே இந்தியாவில் இருந்தது என்று சொல்லும் தாவரவியலாளர்கள் உண்டு, ஆனால் அதை யார் கேட்கிறார்கள்? 1971 டிசம்பரில் வங்காள விரிகுடாவுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்காவின் 'எண்டர்பிரைஸ்' போர்க்கப்பலை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறோம். 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன், இங்கே சேர்ந்து கிடந்த கோதுமைப் பணத்தில் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரு காசோலை எழுதி இந்திய அரசிடமே திருப்பிக் கொடுத்தார். உலகத்திலேயே பெரிய காசோலை என்று கின்னஸில் ஏறியது. இந்த அரங்கில் அதைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். இரண்டு பேர். சரி.

இப்போது டாலருக்கு வருகிறேன். இங்கே பாசம், நன்றி எதுவும் கணக்கில் கிடையாது. 1971 ஆகஸ்ட் 15, நாம் கொடியேற்றிய அதே நாளில், டாலருக்கு இனித் தங்கம் கிடையாது என்று அமெரிக்க அதிபர் நிக்சன் அறிவித்தார். நட்பு நாடுகளைக்கூடக் கேட்கவில்லை. ஐரோப்பியர்கள் குறைப்பட்டபோது, டாலர் எங்கள் பணம், ஆனால் பிரச்சினை உங்களுடையது என்றார் அவருடைய நிதிச் செயலாளர் ஜான் கொனாலி. இப்படிப் பேசிய நாட்டின் பணத்தை உலகம் உதறியிருக்க வேண்டாமா? உதறவில்லை. 2008ல் லேமன் பிரதர்ஸ் என்ற நியூயார்க் முதலீட்டு வங்கி கவிழ்ந்து உலகமே ஆட்டம் கண்டது. தீ வைத்தது நியூயார்க். ஆனால் பயந்த பணமெல்லாம் ஓடிப்போய் ஒளிந்த இடமும் நியூயார்க்தான், டாலர் ஏறியது. அப்போது அமெரிக்க மத்திய வங்கி 14 மத்திய வங்கிகளுக்கு டாலர் கைமாற்று வசதி, அதாவது அவர்கள் பணத்தை ஈடாக வாங்கிக்கொண்டு டாலர் தரும் வசதி, கொடுத்தது. பிரேசில், கொரியா, சிங்கப்பூர் பட்டியலில் உண்டு, இந்தியா இல்லை. யாருக்குக் கொடுப்பது என்பதையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள்.

இந்தக் கணக்கை லேசாக அசைத்தது 2022. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும், ரஷ்ய மத்திய வங்கி வெளிநாடுகளில் வைத்திருந்த கையிருப்பில் சுமார் 300 பில்லியன் டாலர் மதிப்புள்ளதை அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் முடக்கினார்கள். பெரும்பகுதி இருந்தது ஐரோப்பாவில்தான். ரஷ்யா செய்தது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம் பெட்டகத்தின் சாவி யாரிடம் என்று மற்ற நாடுகள் அன்று யோசிக்க ஆரம்பித்தன. 2025 ஆகஸ்டில் பல இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி வந்தது. அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. திருப்பூரில் பனியன் தைக்கிறவருக்கும் ரஷ்ய எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. அறுபதுகளில் கோதுமையில் கட்டிய அதே கயிற்றை, 2025ல் சந்தையில் கட்டினார்கள்.

அப்படியானால் டாலர் விழுமா என்று மாணவர் ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். மத்திய வங்கிகள் வைத்திருக்கும் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் டாலரின் பங்கு 2000 வாக்கில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தது. இப்போது 60க்குக் கீழே. இருபத்தைந்து ஆண்டுகளில் இவ்வளவுதான் இறக்கம். சீனாவின் யுவானை வைத்துக்கொள்ளலாமே என்றால், பணத்தை நினைத்த நேரத்தில் வெளியே எடுக்க பெய்ஜிங் விடாது. யூரோவில் ஒரே அரசின் கடன் பத்திரம் என்று ஆழமான சந்தை இல்லை. அதனால் மத்திய வங்கிகள் தங்கம் வாங்குகின்றன. 2022லிருந்து தொடர்ந்து மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல். நம் ரிசர்வ் வங்கியும் இங்கிலாந்தில் வைத்திருந்த தங்கத்தில் சுமார் 100 டன்னை 2024 வாக்கில் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டது. அதே சமயம் ஏறக்குறைய 200 பில்லியன் டாலர் அளவுக்கு அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களையும் இந்தியா வைத்திருக்கிறது. இரண்டையும் விடுவதாக இல்லை.

அடுத்த கேள்வியைக் கொடுங்கள்.