மூன்று வருடம் கழித்து அந்தக் கார் என்ன விலை போகும்?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் கார் லீஸ் எடுப்பதைப் பற்றி, அதாவது காரை வாங்காமல் மாதத் தவணை கட்டி சில வருடம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அதிலும் கேம்ரி, அக்கார்டு ஓட்டி முடித்துவிட்டு நம்மவர்கள் அடுத்த படியாகப் பார்க்கிற செடான்களைப் பற்றி. பிஎம்டபிள்யூ 330ஐ, மெர்சிடிஸ் சி 300, லெக்சஸ் ஐஎஸ், லெக்சஸ் ஈஎஸ், ஜெனசிஸ் ஜி70 என்று போகிற வரிசை. வீட்டில் இருந்து கேட்பவர்கள் ஒரு காகிதமும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் எழுத வேண்டாம், முக்கியமான எண்களை இரண்டு தடவை சொல்கிறேன்.

டீலரிடம் போய் உட்கார்ந்ததும் வருகிற முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு கட்டுவீங்க?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் பேரம் அதோடு முடிந்தது. அந்த எண்ணுக்குள் எந்தக் காரையும் அடக்கிக் காட்ட அவர்களுக்குத் தெரியும். முன்பணத்தை ஏற்றுவார்கள், 36 மாதத்தை 39 ஆக்குவார்கள், வருடத்துக்கு 12,000 மைல் ஓட்டலாம் என்பதை 10,000 ஆக்குவார்கள். மாதத் தவணை நீங்கள் கேட்டபடியே இருக்கும், பணம் மட்டும் வேறு வழியில் போய்க்கொண்டிருக்கும்.

லீஸில் நாம் கட்டுகிற பணம் எதற்கு? இன்றைக்குக் கார் என்ன விலை, மூன்று வருடம் கழித்து என்ன விலை, இந்த இரண்டுக்கும் நடுவில் கரைகிற தொகைக்கு. அதோடு வட்டி. அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து என்ன விலை போகும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். அதைத்தான் ரெசிடுவல் என்கிறார்கள், நாம் மீதி மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். இன்றைய பேச்சு முழுக்க இந்த மீதி மதிப்பைச் சுற்றித்தான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு வைத்தவை, கணக்கு நிஜம். முதல் கார், ஜன்னலில் ஒட்டிய ஸ்டிக்கர் விலை 45,000 டாலர். பேரம் பேசி 42,000-க்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். 36 மாதத்துக்கு மீதி மதிப்பு ஸ்டிக்கர் விலையில் 60 சதவீதம், அதாவது 27,000. 42,000-இல் 27,000 போனால் 15,000. அதை 36-ஆல் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 417.

அடுத்தது வட்டி. லீஸில் வட்டியை மணி ஃபேக்டர் என்று ஒரு சின்ன எண்ணாகச் சொல்வார்கள். 0.0020 என்பார்கள். காதில் விழும்போது ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். அதை 2,400-ஆல் பெருக்குங்கள். மறுபடி சொல்கிறேன், 2,400-ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான வருட வட்டி வந்துவிடும். 0.0020 என்றால் 4.8 சதவீதம். மாத வட்டி எப்படி வருகிறது என்றால், பேசி முடித்த விலையையும் மீதி மதிப்பையும் கூட்டி, அதை மணி ஃபேக்டரால் பெருக்க வேண்டும். 42,000-மும் 27,000-மும் 69,000. அதை 0.0020-ஆல் பெருக்கினால் 138. ஆக மாதம் 555 டாலர், வரி தனி.

இரண்டாவது கார். ஸ்டிக்கர் 42,000, பேசி 40,000. முதல் காரைவிட மலிவு. ஆனால் மீதி மதிப்பு 50 சதவீதம்தான், 21,000. கரைகிற தொகை 19,000, மாதத்துக்கு 528. வட்டி 122. ஆக 650. ஸ்டிக்கரில் 3,000 குறைவான கார், மாதம் 95 டாலர் கூடுதல். மூன்று வருடத்தில் 3,400 டாலருக்கு மேல். விலை குறைந்த காரை எடுத்து மிச்சம் பிடித்தோம் என்று நிறையப் பேர் சந்தோஷப்படுவது இந்த இடத்தில்தான். மிச்சமே இல்லை.

மீதி மதிப்பை முடிவு செய்வது டீலர் இல்லை, கார் கம்பெனியின் நிதிப் பிரிவு. அதில் பேரம் கிடையாது. மாதத்துக்கு மாதம் மாறும், ஒரே மாடலில் டிரிம் என்கிற வகைக்கு வகை மாறும். புது மாடல் வரப் போகிறதென்றால் பழையதன் மறுவிற்பனை இறங்கும். ஆடி ஏ4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2025 வாக்கில் அந்தப் பெயரே போய், அந்த இடத்துக்கு ஏ5 வந்தது. இப்படிப்பட்ட மாற்றம் நெருங்கும் நேரத்தில் டீலர் பெரிய தள்ளுபடி தந்தால், உடனே மீதி மதிப்பு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்திருக்கலாம்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. மீதி மதிப்பின் சதவீதம் ஸ்டிக்கர் விலையின் மேல் கணக்கிடப்படுவது, நீங்கள் பேசி முடித்த விலையின் மேல் இல்லை. அதனால் பேரத்தில் நீங்கள் குறைக்கிற ஒவ்வொரு டாலரும் முழுசாக உங்களுக்கே. 3,600 டாலர் குறைத்தால் மாதம் 100 டாலர் குறையும், வட்டியிலும் கொஞ்சம் குறையும். லீஸில் விலை பேச முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, வசதிகள். என்னென்ன ஆப்ஷன் போடலாம்? இங்கேயும் அதே மீதி மதிப்புக் கணக்குதான்.

ஃபேக்டரியிலிருந்தே வருகிற ஆப்ஷன் ஸ்டிக்கரில் ஏறும். ஸ்டிக்கரில் ஏறினால் பெரும்பாலும் மீதி மதிப்பும் அந்தச் சதவீதத்தில் கூடும். 2,000 டாலருக்கு ஒரு பேக்கேஜ் என்று வைத்துக்கொள்வோம். சூடாகும் சீட், சூடாகும் ஸ்டீயரிங், சுற்றிப் பார்க்கும் கேமரா. மீதி மதிப்பு 60 சதவீதம் என்றால் அதில் 1,200 டாலர் திரும்பக் கணக்கில் வந்துவிடுகிறது. நீங்கள் கட்டுவது 800-மும் அதற்கான வட்டியும். மாதம் 29 டாலருக்குப் பக்கம். மூன்று வருடம் கழித்துப் பழைய கார் சந்தையில் அந்த பேக்கேஜுக்கு யாரும் 1,200 டாலர் தர மாட்டார்கள். அந்த நஷ்டம் லீஸ் கம்பெனியுடையது. கார் வாங்குகிறவருக்குக் கட்டுபடியாகாத ஆப்ஷன் லீஸ் எடுப்பவருக்குக் கட்டுபடியாவது இதனால்தான்.

டீலரே கடையில் போடுகிற சமாச்சாரம் வேறு. பெயின்ட் மேல் பூசும் கோட்டிங், சீட்டுக்கு ஸ்ப்ரே, டயரில் நைட்ரஜன், ஜன்னல் டின்ட், அலாரம் என்று ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டியிருப்பார்கள். 1,500 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி மதிப்பில் இதற்குப் பொதுவாகப் பூஜ்யம். 1,500-மும் முழுசாகக் கரைகிறது. வட்டியோடு மாதம் 45 டாலர் ஆகிவிடும். 2,000 டாலர் ஃபேக்டரி பேக்கேஜுக்கு 29, 1,500 டாலர் டீலர் சாமானுக்கு 45. மறுபடி சொல்கிறேன், 2,000-த்துக்கு 29, 1,500-க்கு 45. அந்த இரண்டாவது தாளைப் பார்த்ததும், இது இல்லாத வண்டி இருந்தால் காட்டுங்கள் என்று கேளுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டோம், எடுக்க முடியாது என்றால், விலையில் அந்தத் தொகையைக் கழித்துத் தரச் சொல்லுங்கள்.

எல்லா ஃபேக்டரி ஆப்ஷனையும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்றும் நினைத்துவிட வேண்டாம். பெரிய சக்கரங்களில் கவனம் வேண்டும். 19 அங்குல சக்கரம் பார்க்க அழகுதான். சில ஸ்போர்ட் பேக்கேஜ்களில் முன்சக்கர டயர் ஒரு அளவு, பின்சக்கர டயர் அதைவிட அகலம். அளவு வேறாக இருப்பதால் முன்னையும் பின்னையும் மாற்றிப் போட முடியாது, பின் டயர் சீக்கிரம் தேயும். ஓரச்சுவர் மெலிசு என்பதால், பனிக்காலம் முடிந்து ரோட்டில் விழுகிற குழிகளில் ரிம் வளையும், டயர் பக்கவாட்டில் உப்பும். ரன்ஃபிளாட், அதாவது காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற டயராக வந்த வண்டிக்கு ரன்ஃபிளாட்டையே போட்டுத் திருப்பித் தரச் சொல்கிற ஒப்பந்தங்கள் உண்டு. லீஸ் முடிகிற நேரத்தில் நாலு டயர் மாற்றினால் ஆயிரம் டாலரைத் தாண்டும். பாஸ்டனிலோ சிகாகோவிலோ இருப்பவர்கள் 18 அங்குலத்தோடு நின்று, அந்தப் பணத்தை நாலு சக்கர டிரைவுக்குப் போடுங்கள். அது அங்கே மறுவிற்பனைக்கும் உதவும்.

பின்சீட்டை யாரும் ஸ்டிக்கரில் படிக்க முடியாது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்கப் போகிறார்கள், வீட்டில் பின்புறம் பார்த்து வைக்கிற குழந்தை சீட் இருக்கிறது என்றால், டெஸ்ட் டிரைவுக்கு அந்தச் சீட்டையும் எடுத்துப் போங்கள். அதை மாட்டிவிட்டு, முன்சீட்டில் உயரமானவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். லெக்சஸ் ஐஎஸ் பின்சீட் நெருக்கம். அதே கம்பெனியின் ஈஎஸ்ஸில் காலை நீட்டி உட்காரலாம். மூட்டு வலி இருப்பவர்கள் குனியாமல் ஏறி இறங்க முடிகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். மூன்று வருடம் தினமும் படப்போகிற சிரமம் அது.

பெட்ரோல் விஷயம் சுருக்கமாக. 330ஐ போன்ற டர்போ வண்டிகள் பிரீமியம் என்கிற விலை கூடிய பெட்ரோல் கேட்கும். 2025 மாடல் வரை வந்த ஈஎஸ் 350 சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோலில் ஓடும். வருடம் 12,000 மைல், கேலனுக்கு 28 மைல் என்றால் 430 கேலன். பிரீமியத்துக்கு கேலனுக்கு 80 சென்ட் கூடுதல் என்று வைத்தால் வருடத்துக்கு 340 டாலர். இதையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முன்பணம். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: லீஸுக்கு முன்பணம் கட்டாதீர்கள். 5,000 டாலர் கட்டி மாதத் தவணையைக் குறைத்துக்கொண்டு வெளியே வருகிறீர்கள். மறு வாரமே விபத்தில் கார் முழுசாகப் போய்விட்டது. இன்ஷூரன்ஸ் பணம் லீஸ் கம்பெனிக்குப் போகும். அதில் விழுகிற துண்டை கேப் கவரேஜ் அடைக்கும், பெரும்பாலான லக்ஸரி லீஸ்களில் அது சேர்ந்தே வரும், இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் 5,000 மட்டும் திரும்பி வராது. முதல் மாதத் தவணை, பதிவுக் கட்டணம், வரி, இவற்றை மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும். வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் தவணையோடு மாதாமாதம், நியூ ஜெர்சியில் ஆரம்பத்திலேயே, டெக்சாஸில் காரின் முழு விலைக்கும் போட்டு அதை நம் தலையில் ஏற்றுவது வழக்கம். டெக்சாஸ்காரர்கள் இந்த ஒன்றுக்காகவே வாங்குவதா, லீஸா என்று இரண்டு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும்.

மணி ஃபேக்டரை டீலர் சொல்ல மறுத்தால்? 1976-இல் வந்த கன்ஸ்யூமர் லீஸிங் சட்டப்படி பேசி முடித்த விலை, மீதி மதிப்பு, ரென்ட் சார்ஜ் என்கிற மொத்த வட்டி, மூன்றும் ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும். மணி ஃபேக்டரை எழுதச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நாமே கண்டுபிடிக்கலாம். நம் முதல் காருக்கு ரென்ட் சார்ஜ் 4,968 என்று இருக்கும். 36-ஆல் வகுத்தால் 138. அதை, விலையும் மீதி மதிப்பும் சேர்ந்த 69,000-ஆல் வகுத்தால் 0.0020. கம்பெனி கொடுத்த மணி ஃபேக்டருக்கு மேல் டீலர் தன் பங்குக்கு 0.0004 ஏற்றியிருந்தால் அது வட்டியில் ஏறக்குறைய ஒரு சதவீதம். கையெழுத்துக்கு முன்னால் செல்போனில் இந்த வகுத்தலைப் போட்டுவிடுங்கள்.

நேரம் முடியப் போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். மைல் கணக்கை இரண்டே வரியில் சொல்கிறேன். வருடம் 10,000-இலிருந்து 12,000-க்குப் போனால் மீதி மதிப்பு ஒரு சதவீதம் அளவுக்குக் குறையும். 45,000 டாலர் காருக்கு அது 450 டாலர், அதற்கு மூன்று வருடத்தில் 6,000 மைல் கிடைக்கிறது, மைலுக்கு ஏழரை சென்ட். கடைசியில் அதிகமாக ஓட்டிவிட்டு மாட்டினால் மைலுக்கு 25 சென்ட் வரை போகும். சந்தேகம் இருந்தால் முதலிலேயே கூடுதல் மைல் எடுத்துவிடுங்கள்.

லீஸ் முடிவில் காரை வாங்குவதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். 2021, 22-இல் பழைய கார் விலை ஏறியபோது ஒப்பந்தத்தில் எழுதிய மீதி மதிப்பைவிடச் சந்தை விலை மேலே போனது. அப்போது வாங்கியவர்களுக்கு லாபம். அதே சமயம் பல நிதிப் பிரிவுகள் வெளி டீலருக்கு விற்பதைத் தடுத்துவிட்டன. அதனால் வாங்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற பத்தியைக் கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள்.

திருப்பிக் கொடுக்க இரண்டு மாதம் இருக்கும்போது முன்பரிசோதனைக்குப் பதிவு செய்யுங்கள். டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையாரைப் பசைத் தடம் நிற்காமல் மெதுவாக எடுங்கள், சீட்டில் மஞ்சள், குங்குமக் கறை இருந்தால் அதற்கு முன்பே சுத்தம் செய்யக் கொடுங்கள். டயருக்கு ஒரு 25 சென்ட் காசு போதும். வாஷிங்டன் தலை கீழே இருக்கும்படி டயரின் பள்ளத்துக்குள் செருகுங்கள். ரப்பர் அவர் தலையைத் தொட்டால் எட்டில் ஒரு அங்குலம் இருக்கிறது, பெரும்பாலான ஒப்பந்தங்களுக்கு அது போதும். தொடவில்லை என்றால், திருப்பிக் கொடுத்த பிறகு பில் வருவதைவிட நீங்களே வெளியில் டயர் மாற்றுவது மலிவு. நாலு டயரையும், நாலு பக்கத்தையும், மைல் மீட்டரையும் டீலர் வாசலிலேயே படம் எடுத்து, கடைசி கணக்கு முடிகிற வரை அழிக்காமல் வைத்திருங்கள். வணக்கம்.